மலைமேல் ஓர் அஞ்சல் கேட்வே: வின்லிங்கைப் பாக்கெட் ரேடியோவோடு இணைத்த நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி நான்காம் வகைப் புயலாக ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியை மறுநாள் வெள்ளம் புரட்டிப்போட்டது. மின்சாரம் போனது, சாலைகள் அறுந்தன, இணையமும் செல்பேசியும் பெரும்பகுதியில் நின்றுபோயின. ஆஷ்வில்லைச் சுற்றியிருந்த பலருக்கு அடுத்த சில நாள்கள் வெளியுலகத்தோடு இருந்த ஒரே இழை மிட்செல் மலையிலிருந்து குரலை வாங்கி மறு ஒலிபரப்பும் 145.190 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர்தான். ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள், மாறி மாறி உட்கார்ந்து செய்தி வாங்கி, செய்தி கொடுத்தார்கள்.

அந்த ரிப்பீட்டர் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. முகாமில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலையோ, இன்ன மருந்து, இன்ன அளவு, இத்தனை பேருக்கு என்ற கோரிக்கையையோ குரலில் படித்து, எதிரில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்ப்பதற்குள் அந்த அலைவரிசைக்காகப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். இது எழுத்தில் போக வேண்டிய சரக்கு.

பக்கத்துக் கவுண்டி (மாவட்டம்) ஒன்றில் இயங்கும் எங்கள் ஹாம் சங்கத்தில் எழுத்தில் அனுப்ப இரண்டு வழிகள் ஏற்கெனவே இருந்தன. மலைமேல் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த பாக்கெட் நோட் (செய்தித் துண்டுகளை வாங்கிக் கைமாற்றும் நிலையம்) ஒன்று. வீடுகளில் சிலர் குறுஞ்சிற்றலை (தொலைதூரம் எட்டும் எச்எஃப் அலைவரிசை) வழியாகப் பயன்படுத்தி வந்த வின்லிங்க் மின்னஞ்சல் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. அவற்றை எப்படி இணைத்தோம், எங்கே மாட்டிக்கொண்டது, எது இன்னும் தீரவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு.

இணைக்க வேண்டியிருந்தவை

பாக்கெட் ரேடியோ, அதாவது செய்தியைச் சிறு துண்டுகளாக்கி வானொலியில் அனுப்பும் முறை, பழைய சங்கதி. 1978இல் கனடா அரசு அனுமதித்ததும் மாண்ட்ரியல், வான்கூவர் ஹாம்கள் தொடங்கியது. 80களில் அமெரிக்காவின் டூசான் நகரத்துக் குழு வெளியிட்ட டிஎன்சி என்ற பாக்கெட் மோடம் பெட்டியால் உலகம் முழுக்கப் பரவியது. அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள், நொடிக்கு 1200 பிட், ஏஎக்ஸ்.25 நெறிமுறை. ஒரு துண்டு அனுப்பினால் "வந்தது" என்று எதிர்முனை ஒப்புகை தரவேண்டும்; தராவிட்டால் மறுபடி கேட்கும். வேகத்தில் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு துண்டு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

வின்லிங்க் என்பது ஹாம்களுக்கான மின்னஞ்சல் அமைப்பு. அமெச்சூர் ரேடியோ சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு நடத்துகிறது. நடுவில் சிஎம்எஸ் எனப்படும் மையச் சர்வர். முன்பு சான் டியாகோ, பிரெண்ட்வுட், ஹாலிஃபாக்ஸ், வியன்னா, பெர்த் என்று ஐந்து ஊர்களில் இருந்தது. இப்போது அமேசான் மேகத்தில் இருக்கிறது. உலகெங்கும் உள்ள கேட்வே நிலையங்கள் வானொலியில் வரும் அஞ்சலை இணையம் வழியாக அந்தச் சர்வரிடம் சேர்க்கும். பயனருக்கு அவருடைய உரிமத்தோடு வரும் அழைப்புக்குறியே முகவரி.

ஆக, மலைமேல் இருக்கும் பாக்கெட் நோட்டை ஒரு வின்லிங்க் கேட்வே ஆக்கவேண்டும். கேட்பதற்கு ஒரு மாலை வேலை போலத்தான் தெரியும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி; இனி வெறும் "பை"), ஒரு 2 மீட்டர் அலைவரிசை வாகன ரேடியோ, நடுவில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு பெட்டி. பையில் இரண்டு மென்பொருள்கள். ஒன்று டயர்வுல்ஃப்: ரேடியோவின் ஒலியைப் பிட்டாகவும், பிட்டை ஒலியாகவும் மாற்றும் மென்பொருள் மோடம். இன்னொன்று லின்பிபிக்யூ: பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வைஸ்மன் எழுதிய பிபிக்யூ நோட்டின் லினக்ஸ் வடிவம். நோட், புல்லட்டின் போர்டு (கடிதங்களைச் சேமித்து வைக்கும் பலகை), வின்லிங்க் கேட்வே மூன்றையும் ஒரே நிரலில் தருவதால்தான் இதை எடுத்தோம். லினக்ஸுக்கென்றே தனியாக ஒரு கேட்வே மென்பொருளும் உண்டு. அது கேட்வே வேலையை மட்டும் சுத்தமாகச் செய்யும். எங்களுக்குப் பழைய நோட்டும் உயிரோடு இருக்கவேண்டும், புல்லட்டின் போர்டும் வேண்டும் என்பதால் லின்பிபிக்யூ. பின்னால் இந்தத் தேர்வுதான் கைகொடுத்தது.

லின்பிபிக்யூவின் அமைப்புக் கோப்பில் "போர்ட்" என்று தொடங்கும் பகுதிகள் இருக்கும். முதல் போர்ட் ரேடியோ: கிஸ் நெறிமுறை (நோட்டும் மோடமும் பேசிக்கொள்ளும் மொழி), அதே கணினியின் முகவரி, டிசிபி எண் 8001. டயர்வுல்ஃப் தன் கிஸ் கதவை வழக்கமாக 8001இல்தான் திறந்துவைக்கும். இரண்டாவது போர்ட் டெல்நெட். அதற்குள்தான் சிஎம்எஸ் வரிகள் வருகின்றன: சிஎம்எஸ் என்ற மதிப்பை 1 ஆக்கு, கேட்வேயின் அழைப்புக்குறியைக் கொடு, கடவுச்சொல்லைக் கொடு. கடைசியாக "அப்ளிகேஷன்" வரி ஒன்று. நம் அழைப்புக்குறியோடு 10 என்ற பின்னெண்ணைச் சேர்த்து யாராவது கூப்பிட்டால் அவரை நேரே சிஎம்எஸ்ஸுக்கு அனுப்பு என்பது அதன் பொருள். பின்னெண் 0 முதல் 15 வரை இருக்கலாம். வின்லிங்க் கேட்வேக்கு 10 என்பது வழக்கம்தானே தவிர விதி இல்லை. ஆனால் நோட்டுக்கும் கேட்வேக்கும் புல்லட்டின் போர்டுக்கும் தனித்தனிப் பின்னெண் இருந்தே ஆகவேண்டும்; ஒன்றையே இரண்டு இடத்தில் கொடுத்தால் யார் பதில் சொல்வது என்ற குழப்பம் வரும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அது புரிந்தால் பாதிக் கோளாறு தானே விளங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பயனர் கேட்வேயோடு பேசுகிறார். உண்மையில் மூன்று உரையாடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. பயனரின் மோடமும் எங்கள் மோடமும் ஏஎக்ஸ்.25இல் பேசுகின்றன. லின்பிபிக்யூ சிஎம்எஸ் சர்வரோடு இணையத்தில் பேசுகிறது. இந்த இரண்டையும் குழாயாக வைத்துக்கொண்டு பயனரின் வின்லிங்க் எக்ஸ்பிரஸ் மென்பொருள் சிஎம்எஸ்ஸோடு நேரே பேசுகிறது. இந்த மூன்றாவது பேச்சில் கேட்வே தலையிடுவதில்லை. எந்த உரையாடல் அறுந்தது என்று தெரியாமல் கோப்பில் எண்களை மாற்றுவது இருட்டில் துழாவுவதுதான்.

முதலில் இணையப் பக்கம்

அதனால் ரேடியோவைத் தொடாமலே தொடங்கினோம். நோட்டின் டெல்நெட் கதவு வழியாக உள்ளே போய், சிஎம்எஸ்ஸுக்கு இணைப்புக் கொடு என்று கையாலேயே கட்டளையிட்டோம். சரியாக இருந்தால் சதுர அடைப்புக்குள் வின்லிங்கின் பதிப்பு அடையாளம் ஒரு வரி வரும், பிறகு ஓர் எட்டு இலக்க எண், பிறகு தூண்டுகுறி. வரவில்லை. சில நொடி மௌனம், பின் துண்டிப்பு.

இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருந்தன. பழைய நோட்டிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகளில் பழைய நகரச் சர்வர்களின் காலத்து முகவரி ஒன்று கிடந்தது. அதை நீக்கி, இப்போதைய பொதுவான சிஎம்எஸ் பெயரையே தேடவிட்டதும் இணைப்புக் கிடைத்தது. ஆனால் உடனே கடவுச்சொல் மறுப்பு. வின்லிங்கில் கேட்வேக்கு ஒரு கடவுச்சொல், பயனருக்கு ஒரு கடவுச்சொல் என இரண்டு வேறு சங்கதிகள் உண்டு. கேட்வேயாக நிற்கும் அழைப்புக்குறிக்கே வின்லிங்க் கணக்கு இருக்கவேண்டும், அதன் கடவுச்சொல் கோப்பில் இருக்கவேண்டும். சங்கத்தின் அழைப்புக்குறிக்கு அதுவரை கணக்கே கிடையாது. குறுஞ்சிற்றலையில் யாராவது ஒருவர் அந்த அழைப்புக்குறியில் சிஎம்எஸ்ஸைத் தொட்டு கணக்கைப் பிறப்பித்ததும் தீர்ந்தது.

அந்த எட்டு இலக்க எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது சர்வர் போடும் கேள்வி. பயனரின் மென்பொருள் அந்த எண்ணையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு விடையை மட்டும் அனுப்பும். கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. அமெரிக்க விதி 97.113 செய்தியின் பொருளை மறைக்கும் குறியீட்டைத் தடைசெய்கிறது. ஹாம் அலைவரிசையில் மறையாக்கம் கூடாது. அதனால் கடவுச்சொல்லை மறைத்து அனுப்பவும் வழியில்லை, வெளிப்படையாக அனுப்பினால் யாரும் கேட்டுவிடலாம். இந்த இடுக்கில் கேள்வி–விடை முறை நன்றாகவே பொருந்துகிறது. செய்திகள் சுருக்கப்பட்டுப் போவதைப் பற்றி அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமே நடந்தது, தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வரை மனு போனது. சுருக்கும் முறை பகிரங்கமானது என்பதால் அது மறையாக்கம் ஆகாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பவர்களும் எங்கள் சங்கத்தில் உண்டு, அவர்களோடு தேநீர் வேளையில் மட்டும் சண்டை.

ரேடியோ பக்கம்: வால் பிரச்சினை

இணையப் பக்கம் நேரானதும் பயனர்களைக் கூப்பிடச் சொன்னோம். இணைப்பு உடனே கிடைத்தது. அதற்குப் பிறகு நத்தை. சில சமயம் வரவேற்பு வரி வருவதற்கே இரண்டு மூன்று நிமிடம். சில சமயம் மீள்முயற்சிகள் தீர்ந்து இணைப்பே அறுந்தது. சிக்னல் குறையில்லை, பயனரின் வீட்டிலிருந்து மலை கண்ணுக்கே தெரியும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றியது டிஎக்ஸ்டிலே. பிடிடி (ஒலிபரப்பைத் தொடங்கும் விசை) அழுத்தியபின் ரேடியோ முழுமூச்சாக ஒலிபரப்பத் தொடங்கும்வரை தரவை அனுப்பாமல் காத்திருக்கும் நேரம் அது. குறைவாக வைத்தால் துண்டின் தலை வெட்டுப்படும். ஒருவர் டயர்வுல்ஃபின் கோப்பில் அதை 30இலிருந்து 50 ஆக்கினார். எந்த மாற்றமும் இல்லை. 60 ஆக்கினார். அப்போதும் இல்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. கிஸ் நெறிமுறையில் நோட் மோடமுக்குத் தன் டிஎக்ஸ்டிலேயைச் சொல்லலாம். லின்பிபிக்யூ தொடங்கும்போது அதைத்தான் செய்கிறது. கடைசியாகச் சொன்னவர் சொல்தான் நிற்கும். டயர்வுல்ஃபின் கோப்பில் எதை எழுதினாலும் நோட் வந்து அதை அழித்துவிடுகிறது. இன்னொரு கண்ணி: டயர்வுல்ஃப் அந்த எண்ணைப் பத்து மில்லிநொடிகளில் எண்ணுகிறது, லின்பிபிக்யூ மில்லிநொடியில். இங்கே 30 என்பதும் அங்கே 300 என்பதும் ஒன்று. நோட்டிலேயே 300 என்று வைத்தோம், அதுவே போதுமாக இருந்தது. ஆனால் நத்தை நத்தையாகவே இருந்தது.

அப்போதுதான் ஒருவர் மூன்றாவது ரிசீவரைக் கொண்டுவந்து, இரண்டு நிலையங்களையும் ஒரே நேரத்தில் காதால் கேட்டார். எங்கள் கேட்வே ஒரு துண்டை அனுப்புகிறது, கர்ர் என்ற சத்தம் முடிகிறது. ஆனால் அலைவரிசை உடனே விடுபடவில்லை. கிட்டத்தட்ட ஒரு நொடி வெறும் மௌனமான கேரியர் (தரவில்லாத வெற்று அலை). இதுதான் வால். அதற்குள் பயனரின் குட்டி ஒப்புகை "பிர்ட்" என்று வந்து போய்விடுகிறது. கேட்வே இன்னும் ஒலிபரப்பிக்கொண்டிருப்பதால் அதைக் கேட்கவே இல்லை.

சவுண்ட் கார்டு பெட்டி பிடிடியைத் தனியாகத் தரும் வகை அல்ல. ஒலி வந்தால் ரேடியோவை அழுத்தி, ஒலி நின்றபின் கொஞ்சம் பிடித்திருந்து விடும் வகை. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதற்கு முகப்பில் ஒரு குமிழ். குரலுக்கு ஏற்றபடி அது நடுவில் இருந்தது. பாக்கெட்டுக்கு அது விஷம்.

கணக்கைப் பார்த்தால் நத்தைக்குக் காரணம் பளிச்சென்று தெரியும். ஓர் ஒப்புகைத் துண்டு சுமார் 19 பைட். 1200 பிட் வேகத்தில் 0.13 நொடி. அதற்குமுன் 0.3 நொடி டிஎக்ஸ்டிலே. அலைவரிசை காலியானதாகப் பயனரின் மோடம் நினைத்ததும் உடனே பாய்வதில்லை, 0.1 நொடிக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கும், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அனுப்பும். பலர் ஒரே நேரத்தில் மோதாமல் இருக்கப் பெர்சிஸ்ட் 63 என்று நாம் வைக்கும் அமைப்பு அதுதான். ஒரு நொடி வாலைத் தாண்டி ஒப்புகை விழவேண்டுமென்றால் குலுக்கலில் ஏழு முறை தொடர்ந்து தோற்கவேண்டும். அதற்கு வாய்ப்பு 13 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது ஏழெட்டு ஒப்புகையில் ஒன்றுதான் தப்பிப் பிழைத்து வந்துசேரும். முற்றிலும் செத்துப்போகாமலும் ஒழுங்காக ஓடாமலும் இழுத்ததன் ரகசியம் இதுதான். முழுவதும் செத்திருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்திருப்போம்.

குமிழைக் கடைசிவரை திருப்பிக் குறைத்ததுமே நிலைமை மாறியது. அப்புறம் அந்த முறையையே விட்டுவிட்டு, பையின் ஜிபிஐஓ பின் ஒன்றிலிருந்து டிரான்சிஸ்டர் வழியாக ரேடியோவின் பின்பக்கத் தரவு இணைப்பின் பிடிடிக்கு வயர் இழுத்தோம். அதே இணைப்பில் 1200க்கான ஒலி வெளியீடு தனியாக இருப்பதால் ஸ்பீக்கர் குமிழை யார் தொட்டாலும் அளவு மாறாது. ஒவ்வொரு துண்டு வரும்போதும் டயர்வுல்ஃப் ஒலி அளவை அச்சிடும். அது 50ஐ ஒட்டி இருக்கும்படி வைத்தால் போதும். 100ஐத் தாண்டி ஓடவிட்டு, "சத்தமா இருந்தா நல்லாத்தானே" என்று சொல்பவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருப்பார்கள்.

டைமர்கள்

வால் போனதும் மிச்சமிருந்த தாமதம் டைமர்களில். ஃப்ராக் என்பது ஒப்புகைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது; 7000 மில்லிநொடி என்று இருந்தது. ஒரே மூச்சில் நான்கு துண்டு அனுப்பலாம், ஒரு துண்டுக்கு 256 பைட் என்றும் இருந்தது. தலைப்பு, முடிவுக் குறிகள் எல்லாம் சேர்த்து ஒரு துண்டு சுமார் 276 பைட், 1.84 நொடி. நான்கும் போக 7.3 நொடிக்கு மேல். கிஸ் மோடம் "இப்போதுதான் அனுப்பி முடித்தேன்" என்று நோட்டுக்குச் சொல்வதில்லை. ஆகவே நோட் மோடமிடம் கொடுத்த கணத்திலிருந்தே கடிகாரத்தை ஓட்டுகிறது. அனுப்பி முடியுமுன்பே பொறுமை தீர்ந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் துண்டு வரிசையில் வந்து நிற்கிறது.

ஃப்ராக்கைக் கூட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். கூட்டினால் உண்மையிலேயே ஒப்புகை தொலைந்த சமயத்தில் எல்லோரும் அதிகம் காத்திருக்க வேண்டும். மாறாக, துண்டை 128 பைட்டாகவும், ஒரே மூச்சுக்கு இரண்டு துண்டாகவும் குறைத்தோம். இரண்டும் சேர்ந்து இரண்டு நொடிதான். ஏட்டுக் கணக்கில் இது கொஞ்சம் வீணான ஏற்பாடு, தலைப்பின் பங்கு கூடுகிறது. ஆனால் பள்ளத்தாக்கில் மரங்களுக்கு நடுவே இருக்கும் பயனர்களுக்கு நீளமான துண்டு உடைவதும் முழுக்கத் திரும்பப் போவதும்தான் பெரிய செலவு. அடுத்த மலையின் நோட் வழியாகச் சுற்றி வருபவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: நோட்டுகளுக்கு இடையேயான நெட்ராம் இணைப்பில் 20 பைட் தலைப்பு கூடுதலாக வருவதால் 236ஐத் தாண்டிய துண்டு உடைக்கப்படும். 128இல் அந்தக் கவலையே இல்லை.

வேகத்தைப் பற்றிப் பயனர்களிடம் பொய் சொல்லக்கூடாது. 1200 பிட் என்பது நொடிக்கு 150 பைட். 100 கிலோபைட் படம் ஒன்று ஏட்டில் 11 நிமிடம், நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதுவரை வேறு யாரும் நுழைய முடியாது. படிவங்களுக்குப் படம் தேவையே இல்லை. வின்லிங்க் எக்ஸ்பிரஸின் ஐசிஎஸ்-213 என்ற பொதுச் செய்திப் படிவத்தில் நிரப்பிய விவரம்தான் காற்றில் போகிறது, படிவத்தின் கோடும் கட்டமும் எதிர்முனையில் ஏற்கெனவே இருக்கின்றன.

பதில் வரவில்லை

சோதனையின்போது ஒரு முகாமிலிருந்து கவுண்டி அலுவலகத்தின் சாதாரண மின்னஞ்சலுக்குச் செய்தி போனது, பதிலும் வந்தது. ஆனால் அதே அலுவலகத்தின் வேறொரு மேஜையிலிருந்து முகாமுக்கு எழுதிய அஞ்சல் வரவில்லை. கேட்வேயின் லாக்கை அலசினால் அதில் ஒன்றும் இல்லை. சிஎம்எஸ் அந்த அஞ்சலைக் கேட்வேக்கு நீட்டவே இல்லை. வின்லிங்க் வெளியாரின் அஞ்சலைக் குப்பை அஞ்சலாகக் கருதித் தடுக்கும். பயனர் யாருக்கு எழுதினாரோ அந்த முகவரி அனுமதிப் பட்டியலில் தானாகச் சேரும். மற்றவர்கள் அஞ்சலின் பொருள் வரியில் (சப்ஜெக்ட்) இரண்டு சாய்கோடுகளும் டபிள்யூஎல்2கே என்ற எழுத்துகளும் போடவேண்டும், அல்லது பயனர் முன்கூட்டியே அனுமதித்திருக்கவேண்டும். இது மென்பொருள் கோளாறே அல்ல, அலுவலகத்தில் ஒட்டவேண்டிய ஒரு சீட்டு. ஆனால் நிஜமான அவசரத்தில் இது தெரியாமல் இருந்திருந்தால் அத்தனை டைமர் வேலையும் வீண்.

வயரை உருவிய நாள்

இதற்குள் எல்லாம் சீராக ஓடியது. வின்லிங்கின் நிலையப் பட்டியலில் எங்கள் கேட்வேயும் ஏறியது. பயிற்சி நாளன்று திட்டமிட்டபடி ரூட்டரின் இணைய வயரை உருவினோம். பயனர்கள் 10ஐக் கூப்பிட்டார்கள். இணைப்புக் கிடைத்தது, சிஎம்எஸ் இல்லை என்ற பதில் வந்தது, துண்டிக்கப்பட்டது. அனுப்பவேண்டிய கடிதம் பயனரின் கணினியிலேயே தங்கிவிட்டது.

ஹெலீனைக் காரணம் காட்டிக் கட்டிய ஒன்று, ஹெலீன் வந்தால் செய்யப்போவது இதுதான் என்பதை மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் பார்த்தோம். இணையத்தை நம்பும் கேட்வே, இணையம் இருக்கும் மலைக்கும் இணையம் இல்லாத பள்ளத்தாக்குக்கும் நடுவே மட்டும்தான் உதவும். மலையிலும் அறுந்தால் அது வெறும் வரவேற்பறை.

இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று வின்லிங்க் குழுவே தரும் ஆர்எம்எஸ் ரிலே என்ற விண்டோஸ் நிரல். சிஎம்எஸ் கிடைக்காதபோது லின்பிபிக்யூ அதனிடம் திருப்பிவிடும்படி ஒரு வரி போட்டால் போதும், அது செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலைமேல் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு விண்டோஸ் கணினி ஓடவேண்டும், பேட்டரியில்.

இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம்: லின்பிபிக்யூவின் உள்ளேயே இருக்கும் புல்லட்டின் போர்டு. பயனர் அதே வின்லிங்க் எக்ஸ்பிரஸில் 10க்குப் பதிலாகப் புல்லட்டின் போர்டின் பின்னெண்ணைக் கூப்பிடுவார். அந்தப் பயனரின் பதிவில் ஒரு குறி போட்டுவிட்டால் போர்டு அவரோடு வின்லிங்க் மொழியிலேயே பேசும், கடிதத்தை வாங்கிச் சேமிக்கும். பள்ளத்தாக்குக்குள்ளேயே ஒருவருக்கு ஒருவர் எழுதுவதென்றால் வெளியுலகமே தேவையில்லை. அது அங்கேயே சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த இணைப்பின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். முகாமுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நடுவே போகும் கடிதம் எதற்காக அமேசான் மேகத்தைச் சுற்றி வரவேண்டும்?

வெளியே போகவேண்டிய கடிதங்களுக்குப் போர்டில் ஆர்எம்எஸ் என்ற பெயரில் கடிதத்தைக் கைமாற்றும் ஒரு கூட்டாளியை உருவாக்கினோம். அதன் இணைப்பு வரிகளில் முதலில் இணையம் வழியாகச் சிஎம்எஸ். பிறகு "எல்ஸ்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு குறுஞ்சிற்றலை வழியாகப் புயல் தொடாத தொலைவிலுள்ள வேறொரு கேட்வே. குறுஞ்சிற்றலை மோடமாக "வாரா" (VARA) என்ற மென்பொருள். அது விண்டோஸில் ஓடுவதால் ஒரு பழைய லேப்டாப், 8300 எண் கதவு வழியாகப் பையோடு பேசும். ஆர்டாப் என்ற இன்னொரு மோடம் பையிலேயே நேராக ஓடும், மின்சாரம் மிச்சம். ஆனால் எங்களுக்கு எட்டும் கேட்வேக்களில் வாராவே அதிகம் கேட்டது.

தானாகவே மணிக்கு ஒருமுறை குறுஞ்சிற்றலையில் கூப்பிடட்டும் என்று விடவும் முடியாது. விதி 97.221இன்படி, ஆளில்லாத் தரவு நிலையங்களுக்கு 3.585–3.600, 7.100–7.105 மெகாஹெர்ட்ஸ் போன்ற சில அலைவரிசைப் பகுதிகள்தான் உண்டு. அதற்கு வெளியே மனிதர் ஒருவர் கூப்பிட்டால் மட்டுமே, அதுவும் 500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், தானியங்கி நிலையம் பதில் சொல்லலாம். ஆகவே "எல்ஸ்" பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். இணையம் போய்விட்டது என்று உறுதியானபின் உரிமம் உள்ள ஒருவர் லேப்டாப்பை இயக்கி, அலைவரிசை காலியா என்று காதால் கேட்டு, பிறகு அனுப்புகிறார். மெதுவானதுதான், ஆனால் பகலில் 40 மீட்டர் அலைவரிசையா இரவில் 80 மீட்டரா என்ற முடிவை மனிதர் எடுப்பதே மேல்.

வயரை மறுபடி உருவினோம். முகாம் மேஜையிலிருந்து ஒரு 213 படிவம் போர்டில் ஏறியது, லேப்டாப் அதை வாங்கி வெளி மாநிலக் கேட்வே ஒன்றிடம் தள்ளியது, கவுண்டி அலுவலரின் செல்பேசியில் சாதாரண மின்னஞ்சலாக ஒலித்தது. அவர் வேறு ஊரில் இருந்தார் என்பதால் அவருக்கு நெட் இருந்தது.

இன்னும் தீராதவை

உள்வரும் அஞ்சல் சிக்கலானது. போர்டு ஒரு பயனருக்காகச் சிஎம்எஸ்ஸில் கேட்கவேண்டுமானால், "இவருக்கும் கொடு" என்று அவருடைய அழைப்புக்குறியையும் அவருடைய கடவுச்சொல்லால் கணக்கிட்ட விடையையும் தரவேண்டும். அதாவது பயனர் தன் வின்லிங்க் கடவுச்சொல்லை மலைமேல் இருக்கும் பெட்டியில் ஒப்படைக்கவேண்டும். முகாம்களுக்கென்று உள்ள அழைப்புக்குறிகளுக்கு அது பரவாயில்லை. தனிநபர்களில் பாதிப் பேர் மறுத்தார்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அவர்களுடைய அஞ்சல் இணையம் திரும்பும்வரை சிஎம்எஸ்ஸிலேயே காத்திருக்கும்.

எந்தப் பின்னெண்ணைக் கூப்பிடுவது என்ற முடிவு இன்னும் பயனர் தலையில்தான் இருக்கிறது. நெட் இருந்தால் 10, இல்லாவிட்டால் போர்டு என்று ஒரு கைக்கடக்கமான அட்டை அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். அதன் பின்பக்கத்தில் சுற்றுவட்டாரக் கேட்வேக்களின் அதிர்வெண்கள், ஏனென்றால் வின்லிங்க் எக்ஸ்பிரஸ் அந்தப் பட்டியலை வழக்கமாக நெட் வழியாகத்தான் புதுப்பிக்கும். சிஎம்எஸ் இல்லை என்று தெரிந்ததும் அதே இணைப்பிலேயே போர்டுக்கு மாற்றிவிடலாமே என்று ஒரு கட்சி. மாற்றினால் கடிதம் போய்விட்டதாகப் பயனர் நினைப்பார், அது போர்டில் கிடக்கும் என்பது எதிர்க்கட்சி. இப்போதைக்கு எதிர்க்கட்சிதான் ஜெயித்திருக்கிறது.

மின்சாரம் மற்றொன்று. பையும் வாகன ரேடியோவும் இருக்கும் பேட்டரியில் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. குறுஞ்சிற்றலை ரேடியோவும் லேப்டாப்பும் சேர்ந்தால் கதை வேறு. குளிர்காலத்தில் மலைமேல் வெயில் எத்தனை மணி நேரம் அடிக்கிறது என்று ஒருவர் சோலார் பேனல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். அந்தக் கணக்கு வந்தபின்தான் அடுத்த பேட்டரிக்குப் பணம் கேட்கமுடியும்.